கல் தின்னும் கிளிமீன்

என் மருமகள் வேலைக்குப் போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். அதற்குக் காரணம் ஒரு மீனின் பெயர். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அந்த இரண்டரை மாதத்தில் வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்தை ஒட்டின கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருந்த சமயம். என் மகனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. எத்தனை மாடி எழும்பினாலும் கடைசியில் தரை போட ஆள் வேண்டுமே, அந்த ஆள் அவன். மருமகளுக்கு ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வெளிப்பக்கம் இரும்புப் படி. கீழே வீட்டுக்காரச் சேச்சி. முன்னறையில் கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போகிற இரண்டு பெண்கள்.

நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்காரி. பதினாலு வயதில் பாசிக்கு இறங்கினவள். பாசி என்றால் குளத்துப் பாசி இல்லை. கடலுக்கடியில் பாரில் முளைப்பது. கடலடிக் கல்லை நாங்கள் பார் என்போம். பாசியைப் பறித்துக் காயவைத்துப் போட்டால் எங்கேயோ கொண்டுபோய்க் கூழாக்கி மருந்திலும் மிட்டாயிலும் சேர்க்கிறார்களாம். நான் அதைத் தின்று பார்த்ததில்லை. பறித்திருக்கிறேன், நாற்பது வருடத்துக்கு மேல். புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டை, மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, விரலெல்லாம் துணிச்சுற்று, காலில் கட்டிய அலுமினியத் தட்டு, இடுப்பில் வலைப்பை. முதுகில் காற்றுக் குப்பி எதுவும் கிடையாது. நெஞ்சில் எவ்வளவு மூச்சு பிடிக்குமோ அவ்வளவு நேரம் கீழே. எங்கள் கூட்டத்தில் என் மூச்சுதான் நீளம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

கிளிமீனை எனக்கு அங்கேதான் பழக்கம். பாசி பறிக்கிற பாரில்தான் அதற்கும் சாப்பாடு. முகத்தில் கிளி மூக்கு. பல் பல்லாக இருக்காது, மேலொன்று கீழொன்றாகச் சேர்ந்த அலகு. அந்த அலகால் அது கல்லைக் கடிக்கும். கல்லின் மேல் படர்ந்ததைத் தின்னத்தான் கடிக்கிறது, ஆனால் கல்லும் சேர்ந்துதான் வரும். கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். கறுக், கறுக் என்று, பக்கத்து இலையில் யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அதன் வால்பக்கமிருந்து வெள்ளை மணல் புகைபோல இறங்கும். தின்ற கல்தான். எங்கள் தீவுக் கரைகளில் கிடக்கிற வெள்ளை மணலில் எத்தனை மரக்கால் கிளிமீன் போட்டதோ யார் கண்டது.

பெண் கிளிமீன் மஞ்சள். உடம்பில் குறுக்கே ஐந்து நீலப் பட்டை. ஆண் பச்சையும் நீலமும் கலந்தது, செதில் ஓரமெல்லாம் ரோஸ். ஒரு ஆணுக்குப் பத்துப் பெண் இருக்கும். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஒரு பாரில் வாலில் வெட்டு விழுந்த பெண் ஒன்று இருந்தது. வெட்டு எதனால் விழுந்ததோ தெரியாது, அதனால் கூட்டத்தில் அதை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். அந்தக் கூட்டத்து ஆண் ஒருநாள் யாருடைய வலையிலோ போய்விட்டது. நாலைந்து நாளில் வால்வெட்டுக்காரியின் மஞ்சள் மங்க ஆரம்பித்தது. பிறகு கன்னத்தில் பச்சை. பிறகு முதுகில். பதினைந்து நாளில் முழு நீலமாகி, பழைய ஆண் எப்படிக் கூட்டத்தைச் சுற்றி வந்து மற்றதை விரட்டுமோ அப்படியே விரட்டிக்கொண்டு திரிந்தது. வாலில் அதே வெட்டு. கூட வந்த பெண்களிடம் படகில் வைத்துச் சொன்னேன். ஒருத்தி, "அப்பிடின்னா என் வீட்டுக்காரர் வலையில போனா நானும் பீடி குடிக்கலாமாக்கா?" என்றாள். அன்று முழுவதும் படகு ஆடியது சிரிப்பில்தான்.

என் மகனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல் வளர்த்தது நான். ஏழு வயதில் அவனைச் சிவகங்கைப் பக்கம் என் அண்ணன் வீட்டில் விட்டேன். கடல் என்னோடு போகட்டும், இவன் காய்ந்த தரையில் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். அவன் அங்கிருந்து திருவனந்தபுரம் வந்து, தரை போடுகிற வேலையையே பிடித்துக்கொண்டான். கட்டிக்கொண்டதும் இங்கேதான். அவளுடைய தாத்தா காலத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பேச்சில் இரண்டும் சோறும் குழம்புமாகக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் மருமகள் அத்தை என்பாள். இவள் என்னை அம்மே என்பாள். நல்லவள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தீவுப் பக்கம் போகக் கூடாதென்று தடை வந்து, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தேன். அதில் நாலு புடவையும் என் கண்ணாடியும்.

வந்த ஆறாம் மாதம் ஒரு காலையில், கீழே மீன்காரி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கொல்லத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் வருகிறவள். "சாளே, நெத்தோலியே, கிளிமீனே..." என்றாள். கிளிமீன் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் எப்படிப் படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பத்து வருடம் பார்க்காத உறவுக்காரர் வாசலில் நிற்கிற மாதிரி ஓடினேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் விரல் நீளத்தில், வெளுத்த ரோஸ் நிறத்தில், கண் பெரிதாக ஏதோ கிடந்தது.

"இது கிளிமீன் இல்லை" என்றேன்.

மீன்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பின்னெந்தா அம்மே, இது ஆனயா?" யானையா என்று கேட்கிறாள்.

வீட்டுக்காரச் சேச்சி சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஆபீசுக்குப் புறப்பட்ட இரண்டு பெண்களும் நின்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே சேர்ந்து ஒரு மீனுக்குப் பொய்ப்பெயர் வைத்திருக்கிறதே என்ற கோபம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அங்கேயே சொன்னேன். கிளிமீன் பச்சையாக இருக்கும், நீலமாக இருக்கும். கிளிமூக்கு இருக்கும். கல்லைத் தின்னும், மணலாகப் போடும். புருஷன் செத்தால் பொண்டாட்டியே புருஷனாகிவிடும். நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அது என்னைப் பார்த்திருக்கிறது.

மீன்காரி எடைத்தட்டைத் துடைத்தாள். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் மெதுவாக, "அம்மச்சிக்குக் கிளி போயி" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். புத்தி பேதலித்தவரை இங்கே இளவட்டங்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. என் கிளிமீன் போய்விட்டதற்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, நான் அவளைப் பார்த்துத் தலையாட்டி வைத்தேன்.

சாயங்காலம் சேச்சி மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. மருமகள் மேலே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கையில் ஹாஸ்டலில் வெட்டின சேனையின் அரிப்பு, சொறிந்துகொண்டே கேட்டாள்.

"அம்மே, கிளிமீன் என்ன தின்னும்?"

"கல்லு."

"என்ன கலர்?"

"பச்சை. பொம்பளையா இருக்கிறப்ப மஞ்சள்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

அவள் ஏன் அப்படி வெளுத்தாள் என்பதை மகன் பிறகு சொன்னான். அவளுடைய அம்மாவுக்கு ஓர்மை தப்பிப் போனது. ஆரம்பித்தது பேர் மாறுவதில்தானாம். தேங்காயைக் காட்டிப் பூசணி என்றாள். பூனையைப் பார்த்து நாத்தனார் என்றாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஒருநாள் மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அகப்பையோடு இறங்கிப் போய்விட்டாள். மூன்றாம் நாள் மலைப்பக்கம், விதுரா தாண்டி எஸ்டேட் ரோட்டில் கிடைத்தாள், பாதம் முழுக்கப் புண்ணாக. அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

"அதனாலதாம்மா. மெயின் ரோடு பக்கத்துல இருக்கு, லாரி வருது. கொஞ்ச நாளைக்கு" என்றான் மகன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மருமகள் செருப்புப் போட்டாள். கதவு சாத்தியது. பிறகு ஒரு சத்தம், சின்னச் சத்தம்தான், க்ளிக் என்று. நான் கையில் பிடித்திருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படி இறங்குவதை எண்ணினேன். பத்தொன்பது.

பூட்டின வீட்டுக்குள் என்னென்ன இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். படுக்கிற அறையில் தரைக்கு நூற்று நாற்பத்தி நாலு டைல்ஸ், என் மகன் ஒட்டினதில்லை, கோணல். ஜன்னலில் பதினோரு கம்பி. ஒரு பலாமரத்தின் பாதி. அதற்கப்பால் புதுக் கட்டடம். காலை ஒன்பது மணிக்கு அங்கே கல் அறுக்கிற மெஷின் தொடங்கும். கறுக்கென்று ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகும். முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்தில் கண்ணை மூடினால் எனக்குப் பார் தெரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து மெஷின்தான் தெரிந்தது.

சேச்சி மத்தியானம் ஏறி வந்து ஜன்னல் கம்பி வழியாக அவித்த மரச்சீனிக் கிழங்கும் சம்மந்திச் சட்னியும் நீட்டுவார். "கழிக்கூ அம்மே" என்பார், சாப்பிடச் சொல்லி. நான் வாங்கவில்லை. கம்பி வழியாக வாங்கித் தின்கிற வழக்கம் எனக்கில்லை. வாசல் வழியாக வந்தால் சாப்பிடுகிறேன் என்றேன். சாவி அவரிடமும் இல்லை. அவர் தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவார். காக்கை தின்னும்.

கதவைத் தட்டவோ கத்தவோ இல்லை நான். ஒருமுறை ஆழத்தில் என் வலைப்பையின் கயிறு மான்கொம்பு மாதிரி இருக்கிற பாரில் மாட்டிக்கொண்டது. மாட்டினால் இழுக்கக் கூடாது. இழுத்தால் கயிறு இன்னும் இறுகும், நெஞ்சில் இருக்கிற மூச்சும் தீரும். அசையாமல் இருந்து, இடுப்பு முடிச்சைத் தடவி அவிழ்த்துவிட்டு, பறித்த பாசியெல்லாம் போனால் போகிறதென்று பையை விட்டுவிட்டு ஏறினேன். ஒரு முழத் தூரத்தில் கிளிமீன் ஒன்று கடித்துக்கொண்டே இருந்தது. நான் செத்தாலும் அது கடிப்பதை நிறுத்தியிருக்காது. அதுபோலத்தான் இந்த வீட்டிலும் இருந்தேன், அசையாமல். ஆனால் இங்கே அவிழ்க்கிற முடிச்சு எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை.

முடிச்சு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் மருமகள் கேட்பாள். இன்று என்ன கிழமை? சரியாகச் சொல்வேன். காலையில் என்ன பலகாரம்? புட்டு, கடலை வேகவில்லை என்பேன். கடைசியில் பூனை பதுங்குகிற மாதிரி மெதுவாக வருவாள்.

"அம்மே, கிளிமீன் என்ன தின்னும்?"

"கல்லு."

அவள் மகனைப் பார்ப்பாள். மகன் டிவியைப் பார்ப்பான். மறுநாள் க்ளிக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் மட்டும் என்னிடம் வந்து உட்கார்ந்தான். கை நகத்தில் சிமெண்டுப் பால் காய்ந்திருந்தது.

"அம்மா, ஒரு வார்த்தை. எறால் தின்னும்னு சொல்லிரேன். அவ பூட்ட மாட்டா."

"எறால் தின்னாததை எறால் தின்னுதுன்னு நான் எதுக்குடா சொல்லணும்?"

"நாங்க தினமும் சாப்பிடுறோம்மா அந்த மீனை. வயித்தக் கீறினா எறால்தான் இருக்கு."

"நீங்க சாப்பிடுறது கிளிமீனே இல்லடா."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் அவன்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பேசத் தெரிந்த நாளிலிருந்து எனக்கென்று இருந்தது என் மூச்சும் என் கண்ணும்தான். எழுத்துக்கூட முதியோர் வகுப்பில் மூன்று மாதம் படித்தது. கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால், பிறகு அந்தக் கதவு திறந்திருந்தும் வெளியே போவது யார்?

இருந்தாலும் பூட்டு ஆளை அரிக்கும். ஒரு மாதம் தாண்டியதும் எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியது. வால்வெட்டுக்காரி நிஜமாக நீலமானாளா? இல்லை, வேறொன்றின் வாலிலும் வெட்டு இருந்ததா? காலை முதல் முழுக்கில், கல்லிடுக்கில், சளியால் திரை கட்டி அதற்குள் உறங்குகிற கிளிமீனைப் பார்த்தேனே, அதாவது நிஜமா? மீன் தன் வாயாலேயே தனக்கு வீடு கட்டிக்கொள்ளும், விடிந்ததும் கிழித்துக்கொண்டு போகும். அது உள்ளேயிருந்து கட்டியது. வெளியே நின்று யாரும் பூட்டவில்லை.

மூச்சாவது இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. தகரப் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். ரப்பர் கொஞ்சம் விறைத்திருந்தது, எச்சில் தொட்டுத் துடைத்தேன். பெரிய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, இரண்டு பிடி உப்புப் போட்டேன். உப்பு எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முழங்கால் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தை உள்ளே விட்டேன். நீலப் பிளாஸ்டிக். அடியில் ஒரு கீறல். அதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். நாற்பது, ஐம்பது. மூச்சு இருந்தது. காதுக்குள் தண்ணீர் இருந்ததால் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

மருமகள் அன்று தலைவலி என்று சீக்கிரம் வந்திருந்தாள். அவள் பார்த்தது இதுதான்: மாமியார் குளியலறையில், கண்ணாடி மாட்டி, தலையை வாளிக்குள் விட்டுக் கிடக்கிறாள். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். வாளி சாய்ந்து தண்ணீர் அடுப்படி வரை ஓடியது. அவள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அம்மே செய்றீங்க" என்றாள்.

"மூச்சுப் பாத்தேன்."

இப்படி ஒரு பதிலை அவள் அம்மாவும் ஏதோ ஒருநாள் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. கண்ணாடியைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அந்த வீட்டில் அது இரண்டாவது பூட்டு. அன்று சாயங்காலம் கிளிமீனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மகன் யாருக்கோ போன் பண்ணினான். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு டவுனில் மூளைக்குப் பார்க்கிற டாக்டரிடம் டோக்கன். அங்கேயே ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேண்டியிருக்குமாம். அதைக் கேட்டபோது எனக்கு ஜன்னல் கம்பி பதினொன்றும் போதும் என்றாகிவிட்டது.

புதன்கிழமை மகனுக்குக் கோவளத்தில் வேலை. ஒரு சின்ன லாட்ஜில் குளியலறைத் தரை. காலையில் எங்கள் இருவரையும் கான்ட்ராக்டர் வேனிலேயே ஏற்றிக்கொண்டான். வேலையைப் பாதியில் விட்டு மத்தியானம் அங்கிருந்தே டாக்டரிடம் போவதாக ஏற்பாடு. மருமகள் பைக்குள் என் கண்ணாடி இருந்தது. டாக்டரிடம் காட்டுவதற்கு.

லாட்ஜுக்குக் கீழே பாறைகள். மாசி மாதம், கடல் தெளிந்து கிடந்தது. தண்ணீர் வற்றின நேரம். வெள்ளைக்காரர்கள் தூரத்தில் மணலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் பாறை நிழலில் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அன்புக்கா, ஓடிவிடுவேன் என்றா, இரண்டும்தான்.

என் கண் பழக்கத்தில் கல்லைப் பார்த்தது. தண்ணீருக்குச் சற்று மேலே பச்சைப் பாசி படிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக இரண்டிரண்டு கோடு. சின்ன உளி வைத்துச் சுரண்டினாற்போல. ஒன்றிரண்டு இல்லை, பாறை முழுக்க. தண்ணீர் ஏறியிருக்கிறபோது வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இப்போது பள்ளத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

"ஏத்தா, பையில இருக்கிற கண்ணாடியக் குடு."

"அது டாக்டருக்குக் காட்ட, அம்மே."

"காட்டு. அதுக்கு முன்னால நீ ஒருக்கப் பாரு. நான் சொன்னது பொய்யின்னா டாக்டர் வீட்டுல நானே போயிப் படுத்துக்கிறேன். ஒரு மாசம் இல்ல, ஒரு வருசம்."

அவள் என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். கடலிலிருந்து ஐந்தாறு மைலில் பிறந்து வளர்ந்தவள், சங்குமுகத்தில் செத்தவர்களுக்குப் பலி போட, அதாவது திதி கொடுக்க, வந்தபோது கால் நனைத்ததோடு சரி. நான் அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து இரண்டு பாறைக்கு நடுவே இறங்கினேன். அலை வராத பள்ளம், இடுப்பளவு தண்ணீர். அவள் பையோடு பின்னாலேயே இறங்கிவிட்டாள். என் முந்தானையை முறுக்கித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். கட்டின மாடாக நின்றேன். கடைசியில் மற்றக் கையால் கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஒரு பிராவசியம் மட்டும், ஒரே தடவை" என்றாள்.

உள்ளே போனேன். முதலில் என் மூச்சுச் சத்தம் அடங்க வேண்டும், அது அடங்கியது. பிறகு கேட்டது. கறுக். சற்று விட்டு, கறுக், கறுக். பாறையின் அடிமடிப்பில் நாலு மஞ்சள் பெண்கள், வாழைக்காய் நீளம். ஒன்று தலைகீழாக நின்று கல்லைக் கடித்தது. கடித்த இடத்தில் வெள்ளைக் கோடு. இன்னும் உள்ளே இருட்டில் ஒரு பச்சை அசைந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் அது பச்சையா நீலமா என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது, செதில் ஓரமெல்லாம் ரோஸ். பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. என் முந்தானை இழுபட்டது. இன்னொரு முறை இழுபட்டது. நான் எழவில்லை. பெண் ஒன்றின் வாலிலிருந்து மணல் புகை இறங்குகிற வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மருமகள் முகத்தில் ரத்தம் இல்லை. "எண்பது வரை எண்ணினேன் அம்மே" என்றாள்.

"எண்பதுதானா?" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டி, முடி சிக்காமல் ரப்பரைச் சரிசெய்தேன். முதல் தடவை கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி எழுந்துவிட்டாள். இரண்டாவது தடவை பயந்து எழுந்தாள். மூன்றாவது தடவை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச விடாத, பிடிச்சு வை, காதையும் உள்ள விடு" என்றேன். முகம் போயிற்று. தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. அவள் கையில் சுற்றியிருந்த என் முந்தானை தானாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது.

எழுந்தவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குள்ளிருந்தே என்னைப் பார்த்தாள்.

"அம்மே, இது தத்த தானே."

"எது?"

"தத்த. பச்சத் தத்த. அதே மூக்கு."

"அந்த மூக்கத்தானே ரெண்டு மாசமா கிளிமூக்கு கிளிமூக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"கிளின்னா எது கிளி அம்மே? எங்களுக்குப் பறக்கிறது எல்லாமே கிளி. குருவியும் கிளி, மைனாவும் கிளி. பஸ் டோர்ல தொங்கிட்டு வர்றவனும் கிளி. இதுக்குப் பேரு தத்த."

"அப்ப நீங்க திங்கிறது?"

"அது கிளிமீன்."

"இது?"

அவள் யோசித்தாள். "இது தத்தமீன்னு சொல்லணும்."

ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டரை மாதம் இருந்திருக்கிறோம். நான் சிரித்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். பாறையில் ஏறி, ஈரப் புடவையோடு உட்கார்ந்து கேட்டாள். "என் அம்மை தேங்காயப் பூசணின்னப்போ, ஏன் அப்பிடிச் சொல்றேன்னு நான் கேக்கவே இல்ல அம்மே."

அவள் அம்மாவை நான் பார்த்ததில்லை. பார்க்காததைப் பற்றி நான் பேசுவதில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்டாட்டி புருஷனாகும்னீங்களே, அதுவும் நெசமா?" என்றாள்.

"நெசம். ஆனா இன்னிக்குக் காட்ட முடியாது. பதினஞ்சு நாள் ஆகும்."

மத்தியானம் மகன் இறங்கி வந்தபோது நாங்கள் இருவரும் தலையிலிருந்து கால்வரை உப்பாகக் காய்ந்துகொண்டிருந்தோம். அவன் அப்படியே நின்றான். "ரெண்டு பேருக்குமே கிளி போயிருச்சா?" என்றான்.

"கிளி போவல்ல. தத்த வந்து" என்றாள் மருமகள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேனில் போகும்போது அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். டவுன் வந்ததும் டிரைவர், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டார். மகன் அவளைப் பார்த்தான். அவள், "நேரே வீட்டுக்கு" என்றாள்.

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் எட்டு மணி நெருங்க நெருங்க என் காது கதவில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டரை மாதப் பழக்கம், ஒரு முழுக்கில் கழன்றுவிடாது. மருமகள் டிபன் டப்பாவை எடுத்தாள். செருப்புப் போட்டாள். பழக்கத்தில் அவள் கையும் ஆணியிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் அவளே அதைப் பார்த்தாள். கதவருகில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"அம்மே, கிளிமீன் என்ன தின்னும்?"

"எந்தக் கிளிமீன்?" என்றேன்.

அவள் பூட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். சாவியும் அதிலேயே இருந்தது. படி இறங்குகிற சத்தத்தை எண்ணினேன். பத்தொன்பது. பிறகு புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, நானும் இறங்கினேன். மீன்காரி வந்திருந்தாள். வெளுத்த ரோஸ் மீன் அரைக்கிலோ வாங்கினேன். பெயர் சொல்லவில்லை, விரலால் காட்டினேன்.